பேச்சிக்குப் போட்ட வெளிச்சம்

பையை மேல வெச்சுருங்கண்ணா. இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு வெயில் ஒத்துக்காது, கறுத்துருவேன். கோயமுத்தூருங்க. காலைல அஞ்சரைக்குக் கெளம்புனது, மதுரைல எறங்கி இந்த வண்டியப் புடிச்சேன். கயத்தாறு போகோணும். பைபாஸ்லயே எறக்கி விட்டுருவேங்கறார் கண்டக்டர். ஊருக்குள்ள எவ்வளவு தூரமுங்க? நடந்துரலாமா? சரி, சரி.

சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் இல்லீங்க. ஒரு அம்மணியக் கூப்புட்டுட்டு வரப் போறேன். அட, நீங்க வேற, சிரிக்காதீங்க! எனக்குக் கல்யாணமாகி ஒரு பொட்டப்புள்ள இருக்குது, ரெண்டாவது படிக்குது. இது ஆபீஸ் சமாச்சாரம். எங்க ஆபீஸ்ல வேலை பாத்த அம்மணி, பேரு இசக்கி, கோவிச்சுட்டு ஊருக்குப் போயிருச்சு. திங்கக்கெழமைக்குள்ள அது திரும்பி வரோணும். வராட்டியும் அதுகிட்ட இருக்கற பழைய படமாச்சும் வரோணும். ரெண்டும் இல்லீன்னா நான் வேற வேலை பாத்துக்கோணும். எங்க மொதலாளி ரகுபதி சார் மூஞ்சிக்கு நேராவே சொல்லிப் போட்டார். 'தங்கமுத்து, நீதான கெடுத்தே, நீயே போயிக் கூட்டிட்டு வா'ங்கறார். நான் கெடுத்தேனாம்! ஏனுங்கண்ணா, ஒரு மனுசன் நல்லா வெளிச்சம் போட்டது ஒரு குத்தமா?

நாங்க கேம் செய்யறோமுங்க. போன்ல, கம்ப்யூட்டர்ல வெளையாடறது. உங்க பேரனும் வெளையாடறானா? எல்லாப் பசங்களும் அதேதான். அந்த கேமுக்குள்ள வர்ற மனுசன், மாடு, மரம், கட்டில், சட்டி எல்லாத்தையும் படம் வரையறவங்க தனித்தனியாச் செய்வாங்க. அதையெல்லாம் கொண்டு வந்து ஒண்ணாப் பூட்டறதுக்கு ஒரு பட்டறை மாதிரி ஒரு மென்பொருள் இருக்குது, எடிட்டர்னு பேரு. அதைக் கட்டுனவன் நான். ஒன்பது வருசம். படம் வரையத் தெரியாதுங்க எனக்கு. ஆனா வரையறவங்க எல்லாரும் என் பட்டறைக்குள்ளதான் நின்னு வேலை செய்யோணும்.

அதுல ஒரு ஓரத்துல சின்னதா ஒரு பொட்டி இருக்கும். ஒரு பொம்மையைத் தொட்டீங்கன்னா அந்தப் பொட்டிக்குள்ள வந்து நிக்கும். சுத்திச் சுத்திப் பாத்துக்கலாம். கேமுக்குள்ள அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக்கற எடம், அவ்வளவுதான். அந்தப் பொட்டிக்கு ஒரே ஒரு லைட்டு, பின்னால ஒரே சாம்பல் நெறம். ஆரம்பத்துல அவசரத்துல போட்டது, அப்படியே இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை. கெரகம் எப்ப ஆரம்பிச்சுதுன்னா, ரகுபதி சார் கேமைத் தொறந்து பாக்கறதையே விட்டுட்டார். வெள்ளிக்கெழமையானா அந்தப் பொட்டியில எடுத்த படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்லுவார். கார்ல போயிட்டே பாத்து, இது சரி, இது சரியில்லைன்னு பதில் போடுவார். வெள்ளிக்கெழமை தரிசனம்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். தரிசனத்துல தேறுனாத்தான் பொம்மை கேமுக்குள்ள போகும்.

இந்த அம்மணி இசக்கி செஞ்சது பேச்சின்னு ஒரு பொண்ணு. கேமுக்கே அதுதான் நாயகி. ஏரிக் காவல்காரி. பொழுதோட, இருட்டுற நேரத்துல அரிக்கேன் வெளக்கைப் புடிச்சுட்டுக் கரை மேல நடந்து போகும். மூணு மாசம் செஞ்சுதுங்க அந்த ஒரு பொண்ணை. நல்ல கறுப்பு. சொல்லக் கூடாது, ஆனா நல்ல கறுப்பு. ஆடி மாசம் மொத வெள்ளி பொட்டியில வெச்சுப் படம் அனுப்புனோம். ரகுபதி சார் ஒரே வரி: 'முகமே தெரியல, கரிக்கட்டையா?' அவ்வளவுதான்.

அந்த அம்மணி அதைப் படிச்சுது. நேரா என்ற சீட்டுக்கு வந்துச்சு. 'அண்ணே, இவ மொகம் வெளக்குக்குச் செஞ்ச மொகம். நீங்க டியூப்லைட்ட நேரா மூஞ்சியில அடிச்சா என்ன தெரியும்? ஒங்க பொட்டியில லைட்ட மாத்துங்கண்ணே'ன்னுது. பாருங்க, இது முக்கியம்ங்க. லைட்டை மாத்துன்னு கேட்டதே அந்த அம்மணிதான். நானாப் போயி மாத்தலை. இதை ரகுபதி சார்கிட்ட பத்து தடவ சொல்லிட்டேன், காதுலயே வாங்க மாட்டேங்கறார்.

மாத்துனேன். நானும் சும்மா மாத்தலைங்க, ராசாவாட்டம் மாத்துனேன். மொதல்ல பின்னால இருந்த சாம்பலை எடுத்துட்டு வெள்ளை போட்டேன். வெள்ளை போட்டா அந்தப் பொண்ணு இன்னும் கறுப்பாத் தெரியுது! வெள்ளைச் சொவத்துல ஈ உக்காந்தாப்பல. சரீன்னு முன்னால ஒரு லைட்டு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு லைட்டு, கீழ இருந்து ஒண்ணு. அப்பறம் மொத்தத்துக்கும் ஒரு மினுக்கு. கல்யாணத்துல வீடியோக்காரன் பொண்ணு மூஞ்சிக்கு நேராக் கொடை லைட்டு புடிப்பான் பாத்தீங்களா, அந்த வெளிச்சம். பொட்டிக்குள்ள எதைக் கொண்டு வந்து நிறுத்துனாலும் தேவலோகத்துல இருந்து எறங்குனாப்பல இருந்துச்சு. எருமை மாடு கூட வெளுத்துப் போச்சுங்க. அடுத்த வெள்ளி ரகுபதி சார் பதில்: 'இப்பதான் உயிர் வந்திருக்கு. சூப்பர் தங்கமுத்து.' பேரைச் சொல்லிங்க! ஒன்பது வருசத்துல மொத தடவ. அதை நான் இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன், காட்டட்டுங்களா? சரி வேண்டாம் விடுங்க.

அந்த அம்மணி மட்டும் மொகத்தைத் தூக்கி வெச்சுட்டுது. 'என்னண்ணே, வெள்ளையடிச்சுப் போட்டியளே'ன்னுது. நான் சொன்னேன், 'அம்மணி, தக்காளிக் கடைக்காரன் மேல செகப்புத் தார்ப்பாய் கட்டறான், அதை யாராச்சும் பொய்யிங்கறமா? பாக்கறதுக்கு நல்லா இருக்கோணும், அதுக்குத்தான் பொட்டி'ன்னேன். 'வீட்டுக்குப் போயி பைய அவுத்தா காய் காயாத்தானண்ணே இருக்கும்'னு ஒரு பேச்சு. வாய்த்துடுக்கு. ஆனாலும் மரியாதை கொறையாது, அண்ணே அண்ணேன்னுதான் கூப்புடும்.

கொஞ்சம் சேவு குடுங்க. சாத்தூருதா? நல்ல காரம்.

எங்க விட்டேன்? ஆவணியில எங்க மச்சான் பையனுக்குக் காதுகுத்து, நாலு நாளு லீவு போட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பட்டறையத் தொறக்கறேன், பொட்டி வேற மாதிரி இருக்குது! வெள்ளையைக் காணம். பின்னால ஒரு கரும்பச்சை, ஏரித் தண்ணி பொழுது சாயறப்ப இருக்குமே, அந்த நெறம். பேச்சிக்குப் பின்னால எடது பக்கம் ஒரு வெளக்கு, மஞ்சளா. கன்னத்து ஓரம், மூக்கு நுனி, வளையலு, அங்க மட்டும் வெளிச்சம் வந்து தொட்டுட்டு நிக்குது. கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்குது. தோலு அதே கறுப்பு, ஒரு பொட்டு மாறலை. ஆனா மொகம் தெரியுதுங்க. நல்லாவே தெரியுது. அது மட்டுமில்ல, பகலு, பொழுதோட, வெளக்குன்னு மூணு வெளிச்சம் வெச்சு, எது வேணுமோ அதைத் தொட்டுப் பாத்துக்கற மாதிரிப் பண்ணி வெச்சிருக்குது. படம் வரையற புள்ள, என்ற ப்ரோகிராமைப் படிச்சுப் பாத்து அதாவே கத்துக்கிட்டுப் பண்ணியிருக்குது.

நல்லா இல்லீன்னு நான் சொல்லலைங்க. ஆனா என்னைக் கேக்கோணுமா இல்லீங்களா? ஒன்பது வருசம். நம்ம வூட்டு அடுப்படியில நாம ஊருக்குப் போயிருக்கறப்ப ஒருத்தர் நொழைஞ்சு பருப்பைத் தாளிச்சு வெச்சிருந்தா எப்படி இருக்கும்? பருப்பு ருசியாத்தான் இருக்கும். அதுக்காக? பத்தே நிமிசம், எல்லாத்தையும் எடுத்துப் போட்டுப் பழையபடி என்ற வெள்ளையைக் கொண்டு வந்துட்டேன். அந்த அம்மணிகிட்ட ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருக்கோணும்னு ஆபீஸ்ல ரெண்டு பேரு சொன்னாங்க. அதுவும் என்கிட்டச் சொல்லலையே!

அதுக்கப்பறம்தாங்க கெணறு வெட்டப் போயி பூதம் கெளம்புன கதை. ஒரு நாளு ரகுபதி சாருக்கு என்ன தோணுச்சோ, கேமைத் தொறந்து பாத்துட்டார். உள்ள ஏரிக்கரை, இருட்டுற நேரம், ஒத்தை வெளக்கு. பொட்டியில பாத்த வெள்ளப் பொண்ணு அங்க எங்க இருக்குது? 'ஏன்யா, நான் ஓக்கே பண்ணுனது இதையா? பொட்டியில இருந்த மாதிரியே உள்ள வரோணும்'னு குதிக்கறார். அந்த அம்மணியக் கூப்புட்டுப் பேச்சியோட நெறத்தைக் கொறைக்கச் சொன்னார். அது நின்ன எடத்துலயே முடியாதுன்னுட்டுது. 'சார், லைட்ட மாத்துங்க, இவள மாத்த மாட்டேன்'னுது. மொதலாளிகிட்டங்க!

அப்பறம் என்ன, என்னைக் கூப்புட்டார். பட்டறைக்காரன் நானில்ல? படம் வரையத் தெரியோணும்னு இல்லீங்க, தோலுக்கு மேல இருக்கற சாயத்தை மொத்தமா வெளுக்கறதுக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் போதும். எழுதுனேன். பேச்சிக்கு மட்டும் பண்ணுனா நல்லா இருக்காதுன்னு கேம்ல இருக்கற நாப்பத்தியோரு பேருக்கும் பண்ணிட்டேன். மீன்காரன், பூசாரி, ஊர்த்தலைவர், எல்லாரையும். ஒரே அமுக்கு. இப்ப பொட்டியும் கேமும் ஒண்ணா இருந்துச்சு. அவர் கேட்டது அதுதான?

பழசை எடுத்து வெக்கலையான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதைத்தாங்க கேக்கறாங்க. படக் கோப்பெல்லாம் பெருசு பெருசா இருக்கும், எடம் அடைக்குதுன்னு பழைய பிரதி வெக்கறதை நிறுத்தியிருந்தோம். நிறுத்துனது நான்தான், ஒத்துக்கறேன். அப்ப எல்லாருமே சரீன்னுதான் தலையாட்டுனாங்க. வெளுத்ததைத் திரும்பக் கறுக்க வெக்கலாமான்னா, அதையும் பாத்துட்டேன். நாலு நாளு ஒக்காந்து பாத்துட்டேன். அந்த அம்மணி பேச்சிக்கு வளையல் போட்ட எடத்துல மட்டும் வெயில் படாத கோடு ஒண்ணு வரைஞ்சிருந்துது. காத்தோரம் வேர்வை மினுமினுக்கும். தாடையில ஒரு அம்மைத் தழும்பு. எல்லாம் வெளுப்புல கரைஞ்சு போச்சு. இப்ப கறுப்பைப் பூசுனா தார் பூசுனாப்பல இருக்குது. பேச்சி வரலைங்க.

அந்த அம்மணிக்கு இது எப்பத் தெரிஞ்சுதுன்னா ஆயுதபூசை அன்னிக்கு. எங்க ஆபீஸ்ல ஆயுதபூசைன்னா எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் பூவு. நானும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பாப்பா எங்கப்பன் நெறம். மாநிறம்னு சொல்லிக்குவோம். எங்கூட்டுக்காரி பச்சப்பயறு மாவு, பாலேடுன்னு என்னென்னவோ போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் இருக்குது. அது கெடக்கட்டும். பாப்பா ஒவ்வொரு சீட்டாப் போயி பொரி வாங்கித் தின்னுட்டு வந்துது. இசக்கி சீட்டுல, அதோட சொந்த லேப்டாப்புல பேச்சியோட பழைய படம், அதே வெளக்கு வெளிச்சத்துல, பெருசா இருந்துச்சு. அதைப் பாத்ததும் ஆபீஸே திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு கத்து. 'அப்பா! இந்தக்கா என்னாட்டமே இருக்குது!' அந்த அம்மணிக்கு வாயெல்லாம் பல்லு. பாப்பாவைத் தூக்கித் தன் நாற்காலியில உக்கார வெச்சு, 'ஒன்னப் பாத்துத்தாம்ட்டி வரஞ்சேன்'னு ஒரு பொய்யச் சொல்லிக் கொஞ்சுது.

எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சுங்க. என்ற புள்ள, நான் செஞ்சதைப் பாக்காம ஊரான் செஞ்சதைப் பாத்துட்டு நிக்குது. 'வா கண்ணு, அப்பன் என்ன பண்ணியிருக்கேன்னு பாரு'ன்னு என்ற சீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். பொட்டியத் தொறந்து புதுப் பேச்சியக் கொண்டு வந்து நிறுத்துனேன். வெள்ளை வெளேர்னு, சுத்தி நாலு லைட்டு. பாப்பா வாயப் பொளந்துட்டுப் பாக்குது. 'அதே அக்காவாப்பா?'ங்குது. 'அதே அக்காதான் கண்ணு, அப்பன் அழகாக்கிட்டேன்'னேன். அப்பறம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'என்னையும் இப்படிப் பண்ண முடியுமாப்பா?'ன்னு கேட்டுது.

பண்ணீரலாம் கண்ணுன்னேன்.

கொழந்தை கேக்குது, வேற என்ன சொல்லுவீங்க? சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அந்த அம்மணி மட்டும் பின்னால வந்து நின்னுட்டு பொட்டியவே பாக்குது. 'இது லைட்டு இல்லையேண்ணே. தோலையே மாத்திட்டியளா?'ன்னுது. நான் ஆமான்னேன். பொரித் தட்டை என்ற மேசையில வெச்சுது. பாப்பா தலையில ஒருவாட்டி கை வெச்சுது. போயிருச்சு. அடுத்த நாளு காலைல ராஜினாமாக் கடிதாசி. போன் போட்டா எடுக்கறதில்லை. ஒரு பொம்மைக்குப் போயி இத்தனை ரோசமா? நாங்க திட்டுனமா, அடிச்சமா?

சரி, தொலையுதுன்னு விட்டுருப்போமுங்க. தீவாளி முடிஞ்சு ஐதராபாத்துல இருந்து ஆளுங்க வந்தாங்க. கேமை வாங்கி வெளியிடறவங்க. ஒரு தாட்டியான அம்மாவும் ரெண்டு பேரும். பெரிய திரையில போட்டுக் காட்டுனோம். அந்தம்மா பாதியிலயே கையத் தூக்கி, 'நிறுத்துங்க, இந்தப் பொண்ணு யாரு?'ங்கறாங்க. பேச்சின்னோம். போனை எடுத்துக் காட்டுனாங்க. ஆவணியில நான் லீவுல இருந்தப்ப இசக்கி அவங்களுக்கு அனுப்புன எட்டு நொடி வீடியோ, பொட்டியில வெளக்கு வெச்சு எடுத்தது. 'நாங்க ஒத்துக்கிட்டது இந்தப் பொண்ணுக்கு. திரையில நிக்கற மாதிரி எங்ககிட்டயே நூறு இருக்குது'ன்னாங்க. ரகுபதி சார் அப்படியே மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார் பாருங்க! வெளுக்கச் சொன்னது அவரு. கரிக்கட்டைன்னது அவரு. சூப்பர்னது அவரு. இன்னிக்குக் கெடுத்தது நானு!

பழைய பேச்சி இப்ப அந்த அம்மணி லேப்டாப்புல மட்டும்தான் இருக்குது, அதான் இந்த வெசனத்தோட ஒக்காந்துட்டு வர்றேன். என்ன பேசோணும்னு காலைல இருந்து மனப்பாடம் பண்ணிட்டு வர்றேன். அம்மணி, தப்பு ரெண்டு பக்கமும் இருக்குது. நீ என்னைக் கேக்காமப் பொட்டியத் தொட்டது தப்பு, நான் உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு, சரிக்குச் சரியாப் போச்சு, வா போலாம். இப்படிச் சொன்னா வரும்தானுங்க? என்ன, வராதுங்கறீங்களா? ஏன்?

சித்தெ இருங்க, வூட்டுல இருந்து கூப்புடறாங்க. பாப்பாதான். இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு. வீடியோல வருது.

கண்ணு! சொல்லு கண்ணு. அப்பன் பஸ்ல இருக்கேன். சாப்புட்டியா? ஏன் மூஞ்சியக் காட்டாம எதையோ காட்டறே, மூஞ்சியக் காட்டு. ஏன்? என்னது? வேண்டாம், பரவால்ல, சும்மா காட்டு. அம்மாவ எதுக்குக் கூப்புடறே? சரி. சரி. இல்ல கண்ணு, அப்பன் அப்ப சும்மா... கண்ணு? அலோ?

வெச்சுருச்சுங்க.

ஒண்ணுமில்லீங்க.

இல்ல, மூஞ்சியக் காட்டுன்னேன். வெளிச்சம் பத்தலப்பா, இரு, லைட்டு போட்டுட்டு வர்றேங்குது. அம்மாவ டியூப்லைட்டைப் போடச் சொல்லிக் கத்துது. மத்தியானம் ஒரு மணிங்க. ஜன்னல் எல்லாம் தொறந்து கெடக்கும், வெயிலு கொட்டும் எங்கூட்டுல. கரண்டு இல்லையாட்ட இருக்குது. அப்ப வேண்டாம், நாளைக்குப் பாக்கலாம்னுட்டுது. அப்பறம், பண்ணீரலாம்னு சொன்னியேப்பா, எப்பப் பண்ணுவேன்னு கேட்டுது. பூசை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுங்க. நான் மறந்தே போயிட்டேன். அது மறக்கலை. இத்தனை நாளா என்ற மூஞ்சியப் பாத்துட்டுக் காத்திருந்திருக்குது.

தண்ணி வேண்டாமுங்க. காரம்தான், வேற ஒண்ணுமில்ல.

கயத்தாறு வந்துருச்சா? இதேதானா? நான் வர்றேனுங்கண்ணா. என்ற பையி... ஆமா, அதுதான். இல்லீங்க, ரகுபதி சார் என்ன வேணாப் பண்ணிக்கட்டும். வேலைக்கு வரச் சொல்லி நான் கேக்கப் போறதில்லை. அந்த அம்மணி கதவைத் தொறந்ததும் மொதல்ல பாப்பாவுக்குப் போன் போட்டு அது கையில குடுக்கோணும். ஒரே ஒரு வார்த்தை, ஒன்னப் பாத்துத்தான் வரைஞ்சேன்னு அன்னிக்குச் சொன்னதையே இன்னொருவாட்டி சொல்லச் சொல்லோணும். நான் எத்தனை சொன்னாலும் இனி பாப்பா நம்பாதுங்க.